சுண்ணாம்புக்கார முடுக்குக்கு வந்த காய்ச்சல்

நாடி மணிக்கட்டில் இருக்கிறது என்ற எண்ணம் மக்களிடையே, வருந்தத்தக்க விதத்தில் படித்தவர்களிடையேயும், ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இது பிழை. மணிக்கட்டு என்பது நாடி வந்து போகிற இடம், பேருந்து நிலையத்தைப் போல. பேருந்து நிலையத்தில் பேருந்து குடியிருக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. இன்னும் நுணுகிச் சொன்னால், விரலுக்கடியில் துடிப்பது ரத்தமும் அன்று. ரத்தம் பாவம், தள்ளிய திசையில் போகிறது. துடிப்பது அதைச் சூழ்ந்திருக்கும் சுவர். இதயம் ஒருமுறை தள்ள, சுவர் விம்மி அடங்குகிறது. அந்த விம்மலைத்தான் நாம் நாடி என்று பெயரிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்த அடிப்படைச் செய்தி பரவலாகத் தெரிந்திருந்தால், தாமிரபரணிக் கரையில் ஒரு சிற்றூரில், சுண்ணாம்புக்கார முடுக்கில், சங்கரவடிவு டீச்சரின் இடது கை நாடி அவள் கையை விட்டுப் போய் வீட்டுச் சுவரில் அடிக்கத் தொடங்கியபோது, யாரும் அதை அதிசயம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லவும் இல்லை, ஆனால் அதற்குக் காரணம் அறிவு அன்று, அந்த முடுக்கில் எல்லோருக்கும் வேலை இருந்தது.

முடுக்கு என்பதைத் தெரு என்றும் சொல்ல முடியாது, சந்து என்றும் சொல்ல முடியாது. இரண்டு தெருக்களின் முதுகுகள் சந்தித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக விடப்பட்ட இடைவெளி அது. குடை பிடித்து வருபவரும் குடம் தூக்கி வருபவரும் எதிரெதிரே வந்தால், இருவரில் ஒருவருக்கு மரியாதை தெரிந்திருக்க வேண்டும். தென்பக்கச் சுவரில் வீட்டு வாசல்கள் உண்டு. வடிவின் வீடு அதில் நடுவில். வடபக்கச் சுவர் முழுக்க அடுத்த தெரு வீடுகளின் பின்சுவர்தான், அதில் அடுப்படிச் சன்னல்கள் மட்டும். வடிவின் சன்னலுக்கு நேர் எதிரே இருந்த அடுப்படிச் சன்னல் அவளுடைய தங்கை பிரமநாயகியுடையது. அந்தச் சன்னல் ஆறு வருடமாகச் சாத்தியே இருந்தது, கஞ்சி வடிக்கிற நேரம் தவிர.

வடிவு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. இடதுகைப் பழக்கம் உள்ளவள். ஐப்பசி மழை பள்ளிக்கூடத்து ஓட்டில் ஓயாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், கரும்பலகையில் இதயத்தை வரைந்து, அதிலிருந்து எழுகிற பெருந்தமனியைக் கைத்தடியின் பிடியைப் போல வளைத்து, அந்த வளைவின் முதுகிலிருந்து கிளம்பும் மூன்று கிளைகளில் முதலாவதை வரைந்தாள், இரண்டாவதை வரைந்தாள், மூன்றாவதை, அதாவது இடது கைக்குப் போகிற கிளையை, வரையப் போகையில் அவளுடைய இடது கை கொடியிலிருந்து நழுவிய ஈரத்துணி போலத் தானாகக் கீழே விழுந்தது. சுண்ணக்கட்டி உடைந்தது. தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிள்ளைகள் இரண்டு கிளைகளோடு படத்தை நோட்டில் எடுத்துக்கொண்டார்கள். டீச்சர் வரையாததை வரைவது அந்தப் பள்ளியில் வழக்கமில்லை.

கணவர் ஆவுடையப்பன் அவளை மாசிலாமணி வைத்தியரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் நாடி பார்ப்பதில் சுற்று வட்டாரத்தில் பேர் பெற்றவர்; ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை என்கிற முறையைத் தம் ஆயுளில் மீறியதில்லை. வடிவின் இடது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தார், கண்களை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். அதற்குப் பிறகு அவளை ஒரு புது மரியாதையோடு பார்த்தார்.

"தாயி, நாடி இல்ல."

"வலது கையப் பாருங்களேன்."

"அது முறை இல்லையே."

"அப்ப நான் உசுரோட இல்லையா வைத்தியரே?"

"அப்படி நான் சொல்லலை. நாடி இல்லன்னுதான் சொல்லுதேன். மிச்சத்தை நீங்கதான் யோசிச்சுக்கிடணும்."

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் வயர்மேன். வரும் வழியில் அவர் மனைவியைத் தேற்றினார். "பயப்படாத. ஒரு ஃபேஸ் போயிருக்கு, அவ்ளோதான். இன்னொரு ஃபேஸ்ல ஓடுதுல்லா."

போன நாடி எங்கே போயிற்று என்பதை முதலில் கண்டது வடிவின் பக்கத்து வீட்டுச் செண்பகத்தக்கா. அவள் இட்லி மாவு அரைத்து விற்பவள். வடிவின் வீட்டை ஒட்டிய சுவரோரம் இரவு வைத்த மாவு, விடியும் முன்னே பொங்கி, சட்டியை விட்டு இறங்கி, நடு வீட்டுக்கு வந்து, படுத்திருந்த அவளுடைய காலைத் தொட்டது. சுவரில் கை வைத்துப் பார்த்தாள். பிள்ளையின் நெற்றி சுடுகிற மாதிரி சுட்டது. உள்ளே ஏதோ விம்மி அடங்கிற்று. நேராக வடிவு வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"டீச்சர், ஒங்க செவுத்துக்குக் காய்ச்சல் அடிக்கி."

ஆவுடையப்பன் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, வடிவை மாடிப்படியில் ஏறி இறங்கச் சொன்னார். அவள் ஏறினாள், சுவர் வேகமாக அடித்தது. அவள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள், சுவர் நிதானப்பட்டது. "ஒன்னோடதுதான்," என்றார் அவர், கோயிலில் விட்டுவந்த குடை கிடைத்துவிட்ட மாதிரி. அதோடு விசாரணை முடிந்தது.

அதற்குப் பிறகு முடுக்கு தன் வேலையைப் பார்த்தது. மழைக்காலம் முழுக்கத் துணி உலராத ஊரில் அந்தச் சுவரில் சாற்றிய துணி அரை நாளில் உலர்ந்தது, வற்றல் காய்ந்தது, முழங்கால் வலிக்காரர்கள் சாயங்காலமானால் முதுகையும் முட்டியையும் சுவரோடு சேர்த்து வைத்து வரிசையாக நின்று அரசியல் பேசினார்கள், அழுகிற கைக்குழந்தையைச் சுவரோரம் தொட்டில் கட்டிப் போட்டால் தாலாட்டே தேவைப்படாமல் உறங்கிற்று, செண்பகத்தக்காவின் மாவு அக்கம்பக்கத்து ஊர்களிலும் பேர் எடுத்தது, யாரும் யாரையும் கேட்காமலே சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. இழப்பும் இருந்தது. வடிவு பேருந்தைப் பிடிக்க ஓடினால் முடுக்கில் குழந்தைகள் எழுந்து அழுதன. அவளும் ஆவுடையப்பனும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டாலும் அடுத்த நாள், "என்ன டீச்சர், நேத்து எட்டு மணி வாக்குல செவரு ஒரேயடியா அடிச்சுது?" என்று விசாரித்தார்கள். வடிவு கோபத்தைக் குறைத்துக்கொண்டாள். முடுக்குக்காக.

கார்த்திகையில் சுவர் தடிக்கத் தொடங்கிற்று. காய்ச்சல் கண்ட சுவர் தடிக்கும்; உடம்புக்குள்ளும் அப்படித்தான், வெளியிலும் அப்படித்தான். முதலில் குடை பிடித்தவர்கள் குடையை மடக்கினார்கள். பிறகு குடம் தூக்கியவர்கள் தலைக்கு ஏற்றினார்கள். பிறகு எல்லோருமே பக்கவாட்டில் நடந்தார்கள்; புதிதாகப் பார்ப்பவர்களுக்கு முடுக்கில் உள்ளவர்கள் எல்லோரும் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று தோன்றும். மாடு ஒன்று பாதி வழியில் நின்று, யோசித்து, பின்னோக்கியே நடந்து வெளியேறிற்று. கடைசியில் நடுப்பகுதி, வடிவின் வீட்டுக்கு முன்னால், யாரும் நுழைய முடியாத அளவுக்கு ஒடுங்கியபோது, முடுக்கு கூட்டம் போடவில்லை, மனு எழுதவில்லை. செண்பகத்தக்கா தன் அடுப்படிச் சுவரில் ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு வழி வெட்டினாள், அவளுக்கு அடுத்த வீட்டார் தங்கள் கொல்லையில் வெட்டினார்கள், அதற்கடுத்தவர்கள் பூஜை அறையைத் தள்ளிவைத்து வெட்டினார்கள், இப்படி வீட்டுக்குள் வீடாக, அடுப்புக்கும் அம்மிக்கும் இடையில், படுத்திருப்பவர்களின் காலைத் தாண்டி, ஒரு புதுப் பாதை ஓடிற்று. அந்த வழியாகப் போகிறவர்கள் போகிற போக்கில் குழம்புக்கு உப்புப் பார்த்தார்கள். வருடக்கணக்காக முகம் பார்க்காதவர்கள் ஒருவர் வீட்டு அரிசிப் பானையை ஒருவர் உரசிக்கொண்டு போனார்கள். உரசிக்கொண்டே போனதால் பேச வேண்டியதாயிற்று.

வடிவும் தங்கையும் மட்டும் பேசவில்லை.

அவர்கள் சண்டைக்குக் காரணம் ஒரு பித்தளைக் குடம். அவர்களுடைய அம்மா நாச்சியாருக்குக் கையில் எதுவும் நிற்காது. தூக்குவாளி விழும், செம்பு விழும், சோற்றுப் பானை விழும். வீட்டில் இருந்த எல்லாப் பாத்திரத்திலும் அவள் பேர் ஒரு பக்கம் வெட்டியிருந்தது, நெளிவு இன்னொரு பக்கம். "கை வெளங்காதவ" என்று மாமியார் சொன்னாள், கணவன் சொன்னான், வளர்ந்த பிறகு மகள்களும் சொன்னார்கள். அவள் போன பிறகு பாத்திரங்களைப் பங்கு வைத்தபோது, நெளியாமல் இருந்தது அந்த ஒரு குடம்தான். அது நெளியாததற்குக் காரணம் சுலபமானது: ஊரில் கல்யாணம் நடந்த வீடுகளுக்கெல்லாம் அது இரவல் போய்க்கொண்டே இருந்தது, அம்மா கைக்கு வந்ததே அபூர்வம். அம்மாவின் ஞாபகமாக எனக்கு என்றாள் வடிவு. அம்மாவைக் கடைசி வரை பார்த்தது யார் என்றாள் தங்கை பிரமு. அதற்கு மேல் சொன்னவை திருப்பிச் சொல்லத் தக்கவை அல்ல. குடம் பிரமுவோடு போயிற்று. பேச்சும் அதோடு போயிற்று.

இப்போது முடுக்கு ஒடுங்க ஒடுங்க அந்த அடுப்படிச் சன்னல் வடிவை நோக்கி வந்துகொண்டிருந்தது. கஞ்சி வடிக்கத் திறக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் முதலில் அடுப்பு தெரிந்தது. சில நாள் கழித்து அடுப்பில் என்ன வேகிறது என்று தெரிந்தது. அப்புறம் உப்பு ஜாடியில் ஒட்டியிருந்த ஈரம் தெரிந்தது. அப்புறம் பிரமுவின் காதோரத்தில் இரண்டு நரைமுடி. இவளுக்கா நரை, என்று வடிவு நினைத்தாள். சுவர் ஒரு துடிப்பைத் தவறவிட்டு அடித்தது. செண்பகத்தக்கா எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், மனசு சரியில்லையா?" என்றாள்.

மார்கழியில் ஆவுடையப்பன் அவளைப் பாளையங்கோட்டைக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் ஜெபமணி என்ற இளம்பெண் வடிவின் இரண்டு கைகளையும் பிடித்துப் பார்த்தாள், இரண்டிலும் ரத்த அழுத்தம் எடுத்தாள், கழுத்தில் குழல் வைத்துக் கேட்டாள், ஒரு பெரிய எந்திரத்துக்குள் அனுப்பிப் படம் எடுத்தாள். படத்தில் பெருந்தமனி வளைந்து எழுந்தது. இரண்டு கிளைகள் தெளிவாக இருந்தன. மூன்றாவது தொடங்கி, ஒடுங்கி, நின்றுவிட்டது. கரும்பலகையில் இருந்ததேதான், என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

"இதுக்கு ஒரு ஜப்பான் கண் டாக்டர் பேரு வச்சிருக்காங்க," என்றாள் ஜெபமணி. "நாடியில்லா நோய்னும் சொல்லுவாங்க. நீங்க பயாலஜி டீச்சர், ஒங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. உடம்புக்குள்ள காவலுக்கு ஆளுங்க சுத்திட்டே இருக்காங்க. ஒவ்வொரு செல்லும் வாசல்ல ஒரு அடையாள அட்டை மாட்டியிருக்கு. அந்த அட்டை எப்படி இருக்கணும்னு ஆறாவது குரோமோசோம்ல எழுதியிருக்கு, பாதி அம்மா குடுத்தது, பாதி அப்பா குடுத்தது. சில வகை அட்டை இருக்கிறவங்களுக்கு இந்த நோய் வர்றது கொஞ்சம் அதிகம். அட்டை இருந்தாலே வந்துடும்னு இல்ல, முக்காவாசிப் பேரு தொண்ணூறு வயசு வரைக்கும் நல்லா இருப்பாங்க. ஆனா யாரோ ஒருத்தருக்கு, என்னமோ ஒரு காரணத்தால, காவலாளு சொந்த வீட்டுச் சுவரையே திருடன்னு நெனச்சுடுறான். பெரிய குழாயோட சுவருக்கே சாப்பாடு கொண்டு போறதுக்குச் சின்னச் சின்னக் குழாய் இருக்குல்ல, அந்தப் புறவாசல் வழியாத்தான் உள்ள போவான். போனா சும்மா இருக்க மாட்டான், கூட்டம் சேப்பான். சுவர் சூடாகும், தடிக்கும், வழி அடையும்."

"என்னமோ ஒரு காரணம்னா, என்ன காரணம்?"

"தெரியாது," என்றாள் ஜெபமணி சந்தோஷமாக. அவள் நேர்மையான பெண். "மாத்திரை தாரேன். காவலாளைத் தூங்க வைக்கிற மாத்திரை. மொகம் கொஞ்சம் ஊதும், பசி எடுக்கும். ஆனா தள்ளிப் போடாதீங்க. இப்ப கையோட நிக்குது. அடுத்தது மூளைக்குப் போற குழாய்."

எழும்போது வடிவு கேட்டாள், "கூடப் பொறந்தவளுக்கும் வருமா?"

"பெரும்பாலும் வராது. ஒரு வீட்ல ரெண்டு பேருக்கு வர்றது அபூர்வம். ஆனா வந்துச்சான்னு பாக்க எந்திரமெல்லாம் வேண்டாம். கையப் பிடிச்சுப் பாத்தாத் தெரியும்."

மாத்திரை வீட்டுக்கு வந்த செய்தி சுவர் வழியாகவே முடுக்குக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் செண்பகத்தக்கா ஆவி பறக்கிற இட்லியோடு வந்தாள். அடுத்த வீட்டார் பணியாரம் கொண்டுவந்தார்கள். முழங்கால் வலிக்காரர்கள் ஒன்றும் கொண்டுவரவில்லை, சும்மா வந்து உட்கார்ந்தார்கள். யாரும் மாத்திரை சாப்பிடாதே என்று சொல்லவில்லை. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல.

"இங்கிலீஷ் மாத்திரை ரொம்பச் சூடு டீச்சர்," என்றாள் செண்பகத்தக்கா. "பனி முடியட்டும். தை பொறக்கட்டும். ஆற அமரச் சாப்பிடலாம்."

"செவரு அடிக்கிறதாலதான் எம்பேரன் ஒறங்குதான்," என்றார் ஒருவர். "அதுக்காகச் சொல்லல."

"நாங்க சொன்னோம்னு இருக்கக் கூடாது," என்றார் இன்னொருவர்.

வடிவு மாத்திரைப் பட்டையை அலமாரியில் வைத்தாள், சாப்பிடவில்லை. முடுக்குக்காக என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். உண்மை அவளுக்கு மட்டும் தெரியும். சுவர் வற்றினால் சன்னல் பின்வாங்கும். இப்போது அந்தச் சன்னலுக்கும் இவளுடைய சன்னலுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் பிரமுவால் பார்க்காமல் இருக்க முடியாது. பார்த்துவிட்டால் பேசாமல் இருக்க முடியாது. அது வரைக்கும்தான்.

"மாத்திரை போட்டியா?" என்று ஆவுடையப்பன் தினமும் கேட்டார்.

"போட்டேன்."

அவர் சுவரில் கை வைத்துப் பார்த்தார். "செவரு வேற மாதிரி சொல்லுதே."

தலைசுற்றல் இப்போது உட்கார்ந்திருக்கும்போதே வந்தது. பார்வையின் ஓரத்தில் சின்னச் சின்னக் கறுப்புப் பூச்சிகள் பறந்தன. ஒருநாள் மதியம் பள்ளியிலிருந்து பாதியில் வந்து, சன்னலோரம் சாய்ந்து, கனவுக்கும் விழிப்புக்கும் நடுவில், தன் சுவர் அடிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். விம்மி அடங்கி, விம்மி அடங்கி. அதன் ஊடே இன்னொன்று கேட்டது. மெலிந்து, கொஞ்சம் பிந்தி, ஒருவர் காலடியை ஒருவர் பின்தொடர்ந்து வருகிற மாதிரி. தன் காதுதான் இரட்டையாகக் கேட்கிறது என்று முதலில் நினைத்தாள். பிறகு, இத்தனை மாதமாக அந்த முடுக்கில் ஒருவருக்கும் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றிற்று. தன் சுவர் தடித்தது சரி. எதிர்ச்சுவர் ஏன் தடித்தது?

சன்னல் வழியாக வலது கையை நீட்டி எதிர்ச்சுவரைத் தொட்டாள். சூடாக இருந்தது. உள்ளே அடித்துக்கொண்டிருந்தது அவளுடையது அல்ல.

அவள் எழுந்து, செண்பகத்தக்கா வீட்டு அடுப்படி, கொல்லை, பூஜை அறை எல்லாவற்றையும் கடந்து, தெருவைச் சுற்றி, நடுநடுவே உட்கார்ந்து, பிரமுவின் முன்வாசலுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். பிரமுவின் கணவர் சிதம்பரம் கதவைப் பாதி திறந்தார். நல்ல மனிதர், பொய் சொல்லும்போது தரையைப் பார்ப்பார்.

"குளிக்கா மைனி," என்றார் தரையிடம்.

"இருக்கட்டும் மாப்பிள. குளிச்சு முடிக்கட்டும், நான் நிக்கேன்."

"ரொம்ப நேரம் குளிப்பா மைனி. வெள்ளிக்கிழமை."

அன்று புதன்கிழமை. வடிவு திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போகவில்லை. சன்னலோரம் உட்கார்ந்தாள். எதிரே உலை கொதித்தது, அரிசி வெந்த மணம் முடுக்கில் நிறைந்தது, சன்னல் திறந்தது, பிரமு முகத்தைத் திருப்பிக்கொண்டு, பழகிய கையால், பானையைச் சாய்த்தாள். வடிவு தன் சன்னல் கம்பிக்கு ஊடே வலது கையை விட்டு, முடுக்கைத் தாண்டி, தங்கையின் சன்னல் கம்பிக்கு ஊடே நுழைத்து, அவள் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுக்கா."

ஆறு வருடத்தில் முதல் சொல் அது.

"விட மாட்டேன்."

"கஞ்சி கொட்டும்."

"கொட்டட்டும்."

"கொடத்தக் கேக்கத்தான் இப்படி வந்து கையப் பிடிக்கியா?"

"ஏட்டி, சும்மா இரு. தேடிக்கிட்டிருக்கேன்."

"என்னத்தத் தேடுத?"

வடிவு விரலை நகர்த்தினாள், அழுத்தினாள், தளர்த்தினாள். எங்கோ ஆழத்தில், ஊசியில் கோத்த நூல் அசைகிற மாதிரி, இருந்ததா இல்லையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று இருந்தது. கஞ்சி முடுக்கில் ஆவியோடு இறங்கி ஓடிக்கொண்டிருந்தது.

"தலை பின்னும்போது இந்தக் கை ஓயுதா?"

பிரமு, "பாதியில போட்டிருதேன்," என்றாள். "அவுகதான் பின்னி விடுதாவ."

"யாரு, மாப்பிளயா? அவருக்குப் பின்னத் தெரியுமா?"

"எலிவாலு கணக்கா இருக்கும். ஒண்ணும் சொல்ல முடியாது, மொகம் வாடிரும்."

"சாமான் கீழ விழுதா?"

பிரமு சற்று நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் அலமாரியில் அம்மாவின் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அம்மாவின் பழைய நெளிவுகளுக்கு மேலே புது நெளிவுகள். வடிவு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். தூக்குவாளி, செம்பு, சருவம். கை வெளங்காதவ என்று இந்த வாயால்தான் சொன்னோம் என்று நினைத்தாள். அதே நேரத்தில் பிரமுவும் அதைத்தான் நினைத்தாள் என்பது கைக்குத் தெரிந்தது.

"அம்மாவுக்கும் இதான்," என்றாள் பிரமு. "இல்லக்கா?"

"நாம பிடிச்சுப் பாக்கவே இல்ல."

இரண்டு சுவர்களும் முன்பின்னாக அடித்துக்கொண்டிருந்தவை, கொஞ்ச நேரம் ஒன்றாக அடித்தன. முடுக்கில் தொட்டில்களில் கிடந்த குழந்தைகள் எல்லாம் விழித்துக்கொண்டு, அழாமல், மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"நாளைக்குப் பாளையங்கோட்டைக்கு வார," என்றாள் வடிவு.

"வாரேன். நீ மொதல்ல கொடத்த வாங்கிக்கோ."

"கொடம் யாருக்குட்டி வேணும்?"

"எனக்கு வேண்டாம். வாங்கிக்கோ. வாங்குனாத்தான் வருவேன்."

தெரு வழியாகக் கொண்டுவந்து தர அவள் சம்மதிக்கவில்லை. தெரு பார்க்கும், தோற்றுவிட்டாள் என்று சொல்லும். சன்னல் வழியாகத்தான் தருவேன் என்றாள். குடம் போகிற அளவுக்குக் கம்பிகளுக்கு நடுவே இடம் இல்லை. ஆகவே அந்தப் பக்கம் சிதம்பரம் ரம்பத்தைக் கொண்டு நடுக்கம்பியை அறுத்தெடுத்தார். இந்தப் பக்கம் ஆவுடையப்பன் சன்னலையே சட்டத்தோடு கழற்றிச் சாய்த்துவைத்தார். இரண்டு சகலைகளும் இதை ஆறு வருடமாக எதிர்பார்த்திருந்தவர்கள் போல வேலை செய்தார்கள். பிரமு குடத்தை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். வடிவு இரண்டு கையாலும் வாங்கினாள். இருவருடைய இடது கையும் ஒரே நேரத்தில் ஓய்ந்தது.

பெரிய சத்தம் ஒன்று கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

"விழுந்திட்டா?" என்றார் ஆவுடையப்பன்.

வடிவு எட்டிப் பார்த்தாள். "இல்ல. நிக்கி."

குடம் சன்னலுக்குச் சற்றுக் கீழே, இரண்டு சுவர்களுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் நெளிந்து, அந்தரத்தில் இறுகிக்கொண்டு நின்றது. பிரமு முதலில் சிரித்தாள். வடிவு சிரித்தபோது சுவர் அடித்த அடியில் செண்பகத்தக்கா மாவுச் சட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

ஜெபமணி பிரமுவின் கையைப் பிடித்துப் பார்த்து, "அபூர்வம்னு சொன்னேன்," என்றாள். "நல்லவேளை, இது இன்னும் முழுசா அடையல."

அக்காளும் தங்கையும் ஒரே நேரத்தில், சன்னலுக்குச் சன்னல் பார்த்துக்கொண்டு, மாத்திரை சாப்பிட்டார்கள். இருவர் முகமும் பூரி போல உப்பிற்று. சின்ன வயதில் இருந்த ஜாடை திரும்பி வந்து, பால்காரர் பிரமுவைப் பார்த்து டீச்சர் என்றார். பசி வந்தது, எதிரெதிர் அடுப்படிகளில் வேளை கெட்ட வேளையில் தோசை வார்த்தார்கள். சுவர்கள் ஆறின. ஆற ஆற வற்றின. எவ்வளவு வற்றின என்பதை முடுக்கு குடத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டது: சுவர்கள் பின்வாங்கப் பின்வாங்கக் குடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிற்று, தைப் பூசத்தன்று இடுப்பு உயரத்துக்கு வந்தது, மாசியில் முழங்காலுக்கு வந்தது, முழங்கால் வலிக்காரர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள், செண்பகத்தக்கா மாவுச் சட்டிக்குக் கம்பளி போர்த்தினாள், கைக்குழந்தைகளுக்குத் தாலாட்டுத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்தார்கள். யாரும் வடிவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இட்லி வருவது மட்டும் நின்றது. பிறகு, வெட்டிய வழிகளை யாரும் அடைக்காததால், போகிற போக்கில் மறுபடியும் வந்தது.

வடிவின் நாடி முழுதாகத் திரும்பவில்லை. அடைந்த வழி அடைந்ததுதான் என்றாள் ஜெபமணி. ஆனால் புதுப் படத்தில், நின்றுபோன மூன்றாவது கிளையைச் சுற்றி, தோளுக்கும் விலாவுக்கும் இடையில், மெல்லிய சின்னக் குழாய்கள் வளைந்து நெளிந்து கைக்கு ரத்தம் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. வடிவு அதை வெகுநேரம் பார்த்தாள். இது செண்பகத்தக்கா அடுப்படி, இது கொல்லை, இது பூஜை அறை என்று எண்ணிக்கொண்டாள். பள்ளியில் இதயத்தை மறுபடி வரைந்தாள். மூன்றாவது கிளையைப் பாதியில் நிறுத்தி, அதைச் சுற்றிச் சன்னக் கோடுகளாக நிறைய வரைந்தாள். கை ஓயும்போது கீழே வைத்து, மறுபடி எடுத்து, வரைந்து முடித்தாள். பிள்ளைகள் அப்படியே நோட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம், குடம் தரையில் தட்டிய சத்தம் கேட்டது. இரண்டு சன்னலிலிருந்தும் இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். முடுக்கு பழைய அகலத்துக்கு வந்திருந்தது. இப்போது எவ்வளவு நீட்டினாலும் கைக்குக் கை எட்டாது, பேச்சுக்கு எட்டும்.

ஆவுடையப்பன் தம் பக்கத்துச் சன்னலைத் திரும்பப் பொருத்திவிட்டார். பிரமுவின் சன்னலில் அறுத்தெடுத்த நடுக்கம்பியை யாரும் திரும்ப வைக்கவில்லை. அந்த வழியாகப் பூனை வந்து, பாலைக் குடித்துவிட்டுப் போகிறது.